அடுப்பில் எரிவது என்ன?

ஊரைப் பற்றி எழுதுகிறவர்கள் பெருகிவிட்டார்கள். தெருவுக்கு ஒரு கட்டுரை, முச்சந்திக்கு ஒரு கவிதை என்ற கணக்கில் வந்துகொண்டிருக்கிறது. முதல் பார்வைக்கு இது சந்தோஷப்பட வேண்டிய விஷயம்தான். மனத்தின் இருள், இருளின் அடுக்கு, அடுக்கின் மௌனம் என்று வெகுகாலம் அந்தரத்தில் துழாவிக்கொண்டிருந்த கவிதை கடைசியில் தரைக்கு இறங்கி வந்துவிட்டதே என்று. ஆனால் இந்த எழுத்தில் ஒரு பத்தை ஒரே இருப்பில் படித்துவிட்டு, ஊர்ப் பெயரை மட்டும் கையால் மறைத்துக்கொண்டு, இது எந்த ஊர் என்று கேட்டால் பதில் சொல்ல முடிவதில்லை. ஒரு கிணறு இருந்தது, தூர்ந்துவிட்டது. ஒரு வேம்பு நின்றது; வெட்டிவிட்டார்கள். ஒரு திண்ணை, இடித்துக் கம்பிக் கதவு போட்டுவிட்டார்கள். பிறகு தவறாமல் ஒரு சிட்டுக்குருவி. இந்த நாலு சரக்கையும் கையில் வைத்துக்கொண்டு தஞ்சாவூரிலிருந்து தக்கலை வரை எந்த ஊருக்கும் இரங்கற்பா பாடிவிடலாம். பாடியும் வருகிறார்கள்.

இதற்கு எதிர்ப்பக்கம் ஊர்ப்பெருமை எழுத்து. எங்கள் பக்கத்தையே எடுத்துக்கொள்ளலாம். ஸ்ரீவில்லிபுத்தூர் என்றால் 11 நிலை, 192 அடி. ஆண்டாள், ஆடிப்பூரம், தேர். அப்புறம் பால்கோவா, 2019இல் அதற்குப் புவிசார் குறியீடும் கிடைத்துவிட்டபடியால் அந்தப் பத்தி இன்னும் நீளமாகிவிட்டது. பக்கத்தில் ராஜபாளையம் என்றால் நாயும் மில்லும். தமிழக அரசின் முத்திரையில் இருப்பது வில்லிபுத்தூர்க் கோபுரமா, மதுரை மேற்குக் கோபுரமா என்கிற வழக்கு இன்னும் ஓயவில்லை. எதுவாக இருந்தால் என்ன? முத்திரையில் கோபுரத்துக்குக் கீழே தெரு கிடையாது. கோபுரத்தின் அடியில் முறுக்கு விற்கிறவளோ, சைக்கிளைச் சாய்த்துவிட்டுக் கைகூப்புகிறவனோ அங்கே வர முடியாது. முத்திரைக்கு அது நியாயம். எழுத்துக்கு என்ன வந்தது?

பெருமை பாடுகிறவரும் இரங்கல் பாடுகிறவரும் ஒருவருக்கொருவர் விரோதிகள் போலத் தோன்றினாலும் காரியத்தில் ஒன்றுதான். இருவருக்கும் கண் தேவைப்படவில்லை. முன்னவருக்கு ஸ்தலபுராணம் போதும், பின்னவருக்குத் தன் பத்து வயசு போதும்.

மடவார் வளாகம் என்று ஓர் இடம். ஸ்ரீவில்லிபுத்தூரின் மேற்குப் பக்கம். மதுரையிலிருந்து கொல்லம் போகிற சாலையில், ராஜபாளையத்துக்குப் போகிற பஸ் ஊரை விட்டுக் கிளம்புகிற தறுவாயில் வருகிற நிறுத்தம். வைத்தியநாத சுவாமி கோயில் அங்கே இருக்கிறது. வைணவத்துக்குப் பேர்போன ஊரில் சைவம் கொஞ்சம் ஒதுங்கி உட்கார்ந்திருக்கிற மூலை என்று சொல்லலாம். திருமலை நாயக்கருக்கு வயிற்றுவலி தீர்ந்தது இங்கேதான் என்று கதை. பிள்ளைத்தாய்ச்சி ஒருத்திக்கு இறைவனே தாயின் உருவில் வந்து பிரசவம் பார்த்தார் என்று இன்னொரு கதை.

இதெல்லாம் கோயில் கையேட்டிலேயே கிடைக்கும். எனக்கு அக்கறையெல்லாம் பெயரின் மேல்தான். பழைய ஆட்கள் எழுதும்போது 'விளாகம்'. பஸ் பலகையிலும் பத்திரிகையிலும் 'வளாகம்'. கல்வெட்டுகளில் கோயிலைச் சுற்றிய குடியிருப்புக்குத் திருமடைவிளாகம் என்று பெயர் வருகிறது. அந்த 'மடைவிளாகம்'தான் நாக்கில் உருண்டு 'மடவார் விளாகம்' ஆகி, மடவார் என்றால் பெண்கள் ஆயிற்றே என்று அதற்கேற்பக் கதையும் சேர்ந்துகொண்டது என்பது என் ஊகம். அது கிடக்கட்டும். விளாகம் வளாகமாக மாறியது நம் காலத்து வேலை. வணிக வளாகம், ஆட்சியர் அலுவலக வளாகம், நீதிமன்ற வளாகம் என்று காம்ப்ளெக்ஸையும் காம்பவுண்டையும் தமிழாக்க ஒரு சொல் தேவைப்பட்டது, கிடைத்தது. மாவட்ட நீதிமன்றம் விருதுநகரில் இல்லாமல் ஸ்ரீவில்லிபுத்தூரிலேயே இருப்பதால் இந்த ஊருக்கு அந்தச் சொல்லில் பழக்கம் அதிகம். இன்று வாய்தாவுக்கு வருகிற வெளியூர்க்காரர் ஒருவர் பஸ்ஸில் 'மடவார் வளாகம்' என்று கண்டக்டர் கூவுவதைக் கேட்டால், பெண்களுக்கான கடைத்தொகுதி ஒன்று கட்டியிருக்கிறார்கள் போலும் என்று நினைத்துக்கொள்ள எல்லா நியாயமும் இருக்கிறது.

இதை வேடிக்கைக்காகச் சொல்லவில்லை. ஓர் இடம் மாறுவது இப்படித்தான். இடித்தாலும் கட்டினாலும் நாலு பேர் வேடிக்கை பார்க்கிறார்கள். எழுத்து ஒன்று மாறினால் ஒருவரும் பார்ப்பதில்லை. வேம்பை வெட்டிய நாளை நினைவில் வைத்திருக்கிற கவிஞருக்கு இது கண்ணில் படுவதில்லை, ஏனென்றால் இதில் அழுவதற்கு ஒன்றும் இல்லை.

அப்படியானால் ஸ்ரீவில்லிபுத்தூரைப் பார்த்து எழுதியவர் யாருமே இல்லையா என்றால், ஒருவர் இருக்கிறார். தமிழில் அல்ல, தெலுங்கில். அதுவும் ஒரு சக்கரவர்த்தி. 1509 முதல் 1529 வரை விஜயநகரத்தை ஆண்ட கிருஷ்ணதேவராயரின் 'ஆமுக்தமால்யத' பெரியாழ்வாரையும் கோதையையும் பற்றிய காவியம். தெலுங்கின் ஐந்து பெருங்காவியங்களில் ஒன்றாக அதை வைக்கிறார்கள். ராஜபாளையத்து மு. கு. ஜகந்நாதராஜா அதைத் தமிழில் தந்து சாகித்திய அக்காதெமியின் மொழிபெயர்ப்புப் பரிசும் பெற்றார். வீட்டில் தெலுங்கு பேசி வெளியே தமிழ் எழுதுகிற ஓர் ஊரிலிருந்துதான் இந்தக் காரியம் நடந்திருக்க முடியும். நம் வட்டத்தில் எத்தனை பேர் அதைப் புரட்டியிருப்போம் என்பதை விட்டுவிடுகிறேன். போர்ஹேயிடம் போகிற வழியில் ராஜபாளையம் இல்லை.

அந்தக் காவியத்தின் தொடக்கத்தில் வில்லிபுத்தூர் வர்ணனை வருகிறது. மாடம், சோலை, நகரத்துப் பெண்கள் என்று காவிய இலக்கணம் கேட்பதையெல்லாம் ராயரும் கொடுக்கிறார். அவை எனக்குப் பெரிதாகப் படவில்லை. ஆனால் நடுவில் ஒரு செய்யுள். விடியற்காலம். வயல் வாய்க்காலில் வாத்துகள் கழுத்தை மடித்துச் சிறகுக்குள் தலையைச் செருகிக்கொண்டு தூங்குகின்றன. ஊர்க் காவலர் பார்க்கிறார்கள். வைகறையில் குளித்துப் போன பிராமணர்கள் துவைத்துப் பிழிந்து வைத்த வேஷ்டிகளை மறந்துவிட்டுப் போய்விட்டார்கள், எடுத்துக் கொண்டுபோய்க் கொடுத்துவிடலாம் என்று நீரில் இறங்குகிறார்கள். வாத்துகள் எழுந்து ஓடுகின்றன. நெற்பயிரைக் காக்கிற பெண்கள் இதைப் பார்த்துச் சிரிக்கிறார்கள்.

இவ்வளவுதான் விஷயம். இதை மயக்க அணி என்று அலங்கார சாஸ்திரம் ஒரு சீட்டு ஒட்டி அலமாரியில் வைத்துவிடும். நாம் அப்படிச் செய்ய வேண்டியதில்லை. இந்த ஒரு காட்சிக்குள் எத்தனை பேர் இருக்கிறார்கள் என்று பார்க்க வேண்டும். குளித்துவிட்டுப் போய்விட்ட பிராமணர்கள். அவர்கள் காட்சியிலேயே இல்லை. ஆனால் அவர்கள் வேஷ்டி தண்ணீரில் கிடக்கும் என்று ஊர் எதிர்பார்க்கிறது. அதை எடுத்துக்கொண்டு ஓடவேண்டியது தம் கடமை என்று நினைக்கிற காவலர். இவர்கள் இருவருக்கும் வெளியே, வயலில் நின்று, இந்த மரியாதையெல்லாம் பார்த்துச் சிரிக்கிற பெண்கள். ஊரின் அடுக்கு முழுதும் ஒரு வாத்துத் தூக்கத்தில் வந்துவிடுகிறது. ராயர் இதைச் சமூக விமர்சனமாக எழுதினார் என்று நான் சொல்ல வரவில்லை. அப்படிச் சொல்கிற கட்டுரையைப் படித்தால் எனக்கே சிரிப்பு வரும். அவர் பார்த்தார். வெள்ளையாய் உருண்டு கிடக்கிற ஒன்றைப் பார்த்தால் அந்த ஊரில் ஒருவனுக்கு என்ன தோன்றும் என்று பார்த்தார். பார்த்தபோது மற்றதெல்லாம் கூடவே வந்துவிட்டது.

கலிங்கப் படையெடுப்பின் வழியில், கிருஷ்ணா நதிக்கரை ஸ்ரீகாகுளத்தில் ஆந்திர விஷ்ணு கனவில் வந்து ஆணையிட்டதாக ராயரே முகப்பில் சொல்லிக்கொள்கிறார். ஆகவே அந்த வாத்துகள் கிருஷ்ணா வாய்க்காலிலோ துங்கபத்திரை வாய்க்காலிலோ தூங்கியவையாக இருக்கலாம், வில்லிபுத்தூர் வாத்துகளே அல்ல என்று ஒருவர் ஆட்சேபிக்கலாம். ஆட்சேபிக்கட்டும். அசல் வில்லிபுத்தூரில் பிறந்து வளர்ந்தவர்கள் எழுதுகிற சிட்டுக்குருவியைவிட இந்த அந்நிய வாத்து எனக்கு அதிகம் வில்லிபுத்தூராகப் படுகிறது.

இன்னொரு இடம். விஷ்ணுசித்தர் வீட்டில் அடியார்களுக்கு எப்போதும் சாப்பாடு. மழைக்காலம், வெயில்காலம், பனிக்காலம் என்று பருவத்துக்குப் பருவம் என்ன பரிமாறப்பட்டது என்று ராயர் சொல்லிக்கொண்டு போகிறார். சக்கரவர்த்திக்குச் சாப்பாட்டு ருசி இருந்ததில் ஆச்சரியமில்லை. ஆச்சரியம், அடைமழையில் விறகு நனைந்திருக்குமே, அடுப்பில் எதை வைத்து எரித்தார்கள் என்று அவருக்குத் தோன்றியதுதான். உலர்ந்த தேங்காய் ஓடுகளை எரித்துச் சமைத்தார்கள் என்கிறார். உண்கிறவன் கண்ணில் இலை படும். சமையற்கட்டுக்குள் போய்ப் பார்த்தவனுக்குத்தான் அடுப்பு தெரியும். அரண்மனையில் இருந்துகொண்டு இவருக்கு எப்படித் தெரிந்தது என்பதைவிட, தெருவில் இருந்துகொண்டு நமக்கு ஏன் தெரியவில்லை என்பதே என் கேள்வி.

ஏனென்றால் அதே ஊரில் இன்று பால்கோவா அடுப்பில் எரிவது முந்திரிக்கொட்டைத் தோல். மேல் இனிப்பைப் பற்றி எழுதாதவர் இல்லை. அடியில் எரிவதைப் பற்றி எழுதியவர் அபூர்வம். அந்தத் தோலில் எண்ணெய் இருக்கிறது. நின்று எரியும், அனல் சீராக இருக்கும். கையில் பட்டால் தோல் கொப்புளிக்கிற எண்ணெய் அது. புகையும் லேசானதல்ல. இரும்புச் சட்டியில் பால் சுண்டச் சுண்ட விடாமல் துடுப்பைப் போட்டுக் கிண்டிக்கொண்டே நிற்க வேண்டும், விட்டால் அடிபிடித்துவிடும். முந்திரித் தோல் விலை ஏறினால், அல்லது கேஸ் அடுப்பு வந்தால், கிண்டுகிறவரின் தோளுக்கும் நுரையீரலுக்கும் என்ன ஆகிறது, ருசி எங்கே மாறுகிறது, கடைக்காரர் அதை எப்படிச் சமாளிக்கிறார் — இது தெருவின் மாற்றம். புவிசார் குறியீட்டுச் சான்றிதழைச் சட்டம் போட்டு மாட்டியிருப்பதும் மாற்றம்தான், ஆனால் அது சுவரில் நடந்த மாற்றம்.

ஆண்டாளையும் இந்தக் கண்ணோடு படிக்க வேண்டும் என்பது என் கட்சி. வில்லிபுத்தூரை ஆய்ப்பாடியாகப் பாவித்துப் பாடினாள் என்று சம்பிரதாயத்தில் சொல்லிச் சொல்லி அந்தப் பாவனையில் எது சரக்கு, எது சாயம் என்பது மறந்துபோய்விட்டது. தயிர் கடைகிற சத்தம், விடியலில் எருமையைச் சற்று நேரம் மேயவிடுவது, கன்றை நினைத்த எருமையின் பால் தானாய்ச் சொரிந்து வீட்டுத் தரை சேறாகிவிடுவது — முப்பது பாட்டுகளுக்குள் இவையெல்லாம் வருகின்றன. பால் பெருகியதைச் செல்வச் செழிப்பு என்று வியாக்கியானம் செய்யலாம், செய்திருக்கிறார்கள். சேறு என்பது மிதித்தவளுக்குத்தான் தெரியும். கோகுலத்தைப் பற்றிய எந்தப் புராணமும் அவளுக்கு அந்தச் சேற்றைக் கொடுத்திருக்க முடியாது. மார்கழியில் ஒலிபெருக்கியில் கேட்டுக் கேட்டு நாம் அந்தச் சேற்றைக் காது வழியாகக் கழுவிவிட்டோம்.

நவீன எழுத்துக்கு வந்தால் இந்த விறகு விசாரணையில் தேறுகிறவர்கள் சிலரே. புதுமைப்பித்தனின் 'கடவுளும் கந்தசாமிப் பிள்ளையும்' 1943இல் வெளிவந்தது. பிராட்வேயும் எஸ்பிளனேடும் சந்திக்கிற இடத்தில் நின்று பிள்ளை யோசிக்கிறார். டிராமில் போனால் எவ்வளவு, பஸ்ஸில் போனால் எவ்வளவு, மிச்சம் பிடித்தால் வெற்றிலைக்கு ஆகுமா. கடவுள் பிறகுதான் வருகிறார். சென்னையில் டிராம் 1953இல் நின்றுபோய்விட்டது. அந்த முனையில் கட்டடங்களும் ஜனமும் மாறிவிட்டன. ஆனால் கதையை இன்று படித்தாலும் ஊர் நிற்கிறது, ஏனென்றால் அது காலணாவின் மேல் நிற்கிறது. கட்டடத்தின் மேல் நிறுத்தியிருந்தால் கட்டடத்தோடு போயிருக்கும்.

அசோகமித்திரனின் 'தண்ணீர்' இன்னும் கறாரான உதாரணம். தெருவில் பள்ளம் தோண்டுகிறார்கள், குழாயில் வருவதில்லை, வந்தால் சாக்கடை கலந்து வருகிறது, பெண்கள் குடமும் பக்கெட்டுமாக அலைகிறார்கள். ஒரு தெருவின் உறவுகள் யாவும் யார் வீட்டு பம்ப்பில் யாருக்கு எத்தனை குடம் என்பதில் அளக்கப்பட்டுவிடுகின்றன. ஆசிரியர் எங்கும் நகரத்தைப் பழிக்கவில்லை, கிராமத்துக் கிணற்றை நினைத்துப் பெருமூச்சு விடவும் இல்லை. அவர் பெருமூச்சு விட்டிருந்தால் ஜமுனா நம் கையை விட்டுப் போயிருப்பாள்.

சுந்தர ராமசாமியின் 'ஒரு புளியமரத்தின் கதை'யைப் பலரும் இழப்புக் கதையாகப் படித்து, அந்த வாசிப்பிலிருந்துதான் இன்றைய வேம்புக் கவிதைகள் முளைத்தன என்று எனக்குச் சந்தேகம். மரம் போனதை மட்டும் எடுத்துக்கொண்டார்கள். மரத்தடியில் கடை வைத்தவர்களின் போட்டியை, முனிசிபல் தேர்தலை, பத்திரிகைக்காரர்களை விட்டுவிட்டார்கள். காற்றாடி மரத்தோப்பை வெட்டிவிட்டு அங்கே செடி நட்டுப் பூங்கா அமைக்கிற பகுதியில் இருக்கிற கிண்டல், இரங்கலைவிட ஆழமானது. மரம் வேண்டாம், செடி வேண்டும் என்று ஓர் ஊர் எந்த மனநிலையில் முடிவு செய்கிறது என்பதை அவர் விசாரிக்கிறார். அந்த முடிவில் நமக்கும் ஒரு கை இருக்கிறது என்பது இரங்கற்பாவில் வரவே வராது. அங்கே வெட்டுகிறவர்கள் எப்போதும் 'அவர்கள்'.

இரங்கற்பாவின் மேல் எனக்குள்ள மன வருத்தத்தைக் கொஞ்சம் பச்சையாகவே சொல்லிவிடுகிறேன். கிணறு தூர்ந்துவிட்டது என்று எழுதுகிறவருக்கு, அந்தக் கிணற்றில் யார் வாளி இறக்கக் கூடாது என்று இருந்தது ஞாபகம் வருவதில்லை. திண்ணை போய்விட்டது என்கிறார். அதில் எல்லாரும் உட்கார்ந்தார்களா? வழிப்போக்கன் படுத்துறங்கினான் என்று எழுதுவார்கள், எந்த வழிப்போக்கன்? வெயிலில் தெருவில் நின்றுகொண்டே குரல் கொடுத்தவனுக்கு அந்தத் திண்ணை இடிந்ததில் என்ன நஷ்டம்? இந்த ஜில்லா இதையெல்லாம் ரத்தம் சிந்திப் பார்த்த ஜில்லா. 1899இல் சிவகாசியில் நடந்தது கோயிலுக்குள் போகிற உரிமையில் தொடங்கிய விவகாரம். பூமணியின் 'அஞ்ஞாடி' அந்தக் கலவரத்துக்குள் குடும்பங்கள் வழியாகப் போகிறது. அத்தனை பெரிய நாவலை அவர் ஏக்கத்தின் மேல் கட்டவில்லை. பழைய தெருவை நினைக்கும்போது தெருவில் யார் செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு நடந்தார்கள் என்பதும் சேர்ந்து நினைவுக்கு வருகிறவருக்கு ஏக்கம் அவ்வளவு லேசில் வராது.

தெருக்குழாய் வந்தபோது ஒரு விடுதலையும் வந்தது. முழுசாக வரவில்லை, குழாயடிச் சண்டைக்கும் ஜாதி உண்டு. டீக்கடையில் தனிக் கிளாஸ் வைத்திருந்தது சட்டப்படி குற்றமானபின், சில கிராமங்களில் காகிதக் கப் வந்து அந்தச் சிக்கலைத் தீர்த்துவைத்தது. எல்லாருக்கும் காகிதக் கப் என்றால் சுகாதாரம். சிலருக்கு மட்டும் நீளும்போது அதற்கு வேறு பெயர். ஒரு நகரத்து அன்றாடக் காட்சிகளை எழுத வருகிறவர் காகிதக் கப் குப்பையாகக் குவிவதைக் கண்டு சுற்றுச்சூழலுக்காக வருந்துகிறார். அந்தக் கப் எந்தக் கைக்கு நீண்டது என்று ஒரு நிமிஷம் நின்று பார்த்திருந்தால் கவிதை வேறாகியிருக்கும்.

பழையதெல்லாம் போகட்டும், புதியதெல்லாம் வாழ்க என்று நான் கட்சி கட்டுவதாக நினைத்துக்கொள்ள வேண்டாம். நெசவாளர் தெருக்களைப் பாருங்கள். அவை ஏன் அவ்வளவு நீளம், ஏன் வளைவில்லாமல் நேர் என்றால், பாவு நீட்டுவதற்காக. வெயில் ஏறுமுன் தெருவின் நீளத்துக்கும் நூலை விரித்து, கஞ்சி போட்டு, இழை இழையாகப் பிரித்து உலர்த்துவார்கள். குடும்பம் முழுக்கத் தெருவில் நிற்கும். பக்கத்து வீட்டாரும் கைகொடுப்பார்கள். அந்த நேரத்தில் தெரு போக்குவரத்துக்கு உரியதல்ல, நூலுக்கு உரியது. தறிச்சத்தம் குறைந்து, பாவு தெருவுக்கு வராமல் போனபின், அதே நீளமும் நேர்மையும் மோட்டார் சைக்கிளுக்குச் சௌகரியமாக ஆகிவிட்டது. இதில் உண்மையான இழப்பு இருக்கிறது. ஆனால் 'தறியின் தாலாட்டு' என்று எழுதுகிறவர் அந்த இழப்பின் பக்கத்தில்கூடப் போவதில்லை. தறிக்குழியில் கால் தொங்கப்போட்டுப் பகல் முழுதும் உட்கார்ந்தவனின் மகன் ஏன் அதில் இறங்க மறுத்தான் என்பதையும், மறுத்துவிட்டு எங்கே போனான் என்பதையும் சேர்த்துச் சொன்னால்தான் தெரு ஏன் மாறியது என்பது தெரியவரும்.

போன இடம் பெரும்பாலும் ராஜபாளையம் பக்கம். 1936இல் ராஜபாளையம் மில்ஸ் தொடங்கியதிலிருந்து அந்த ஊரின் மணிக்கூண்டு மில் சங்குதான். சங்குக்கு உலை வைத்து, சங்குக்கு விளக்கணைத்து வளர்ந்த ஒரு தலைமுறை இருக்கிறது. இன்று சங்கின் இடத்தில் வேன். விடியுமுன் கிராமங்களுக்குப் போய்ப் பெண்களை அள்ளிக்கொண்டு வந்து ஷிப்டுக்கு இறக்கிவிட்டு, முடிந்தவர்களை ஏற்றிக்கொண்டு திரும்புகிறது. சங்கு ஊருக்கெல்லாம் பொதுவாக ஊதியது; வேலையில்லாதவன் காதிலும் விழுந்தது. வேன் அதற்குரியவர்கள் வாசலில் மட்டும் நிற்கிறது. சத்தத்தில் ஏற்பட்ட இந்த மாற்றம் ஒரு கவிஞனுக்குக் கிடைத்தற்கரிய விஷயம் என்று நினைக்கிறேன். பொதுவான ஒரு நேரம் போய், அவரவர் நேரம் வந்துவிட்டது. தமிழ்நாட்டு நூற்பாலைகள் பலவற்றில் கல்யாணத்துக்கு நகை சேர்ப்பதாகச் சொல்லி இளம் பெண்களை விடுதியில் வைத்து, மொத்தப் பணம் கடைசியில்தான் என்று ஒப்பந்தம் போட்ட காலம் ஒன்று இருந்தது. அந்தத் திட்டத்துக்கு 'சுமங்கலி' என்று பெயர். மொழி எப்படியெல்லாம் சம்பளத்தைப் பிடித்துவைத்துக்கொள்ள உதவும் என்பதற்கு இதைவிட உதாரணம் வேண்டாம்.

இப்போது நூற்பாலைகளுக்கு ஒரிசாவிலிருந்தும் ஜார்க்கண்டிலிருந்தும் பீகாரிலிருந்தும் பையன்கள் வருகிறார்கள். ராஜபாளையத்தின் பி. எஸ். குமாரசுவாமி ராஜா 1954 முதல் 1956 வரை ஒரிசாவுக்கு ஆளுநராகப் போயிருந்தார்; ஊரில் அதைப் பெருமையாகச் சொல்வார்கள். ஒரிசா திரும்ப வந்து காட்டன் வேஸ்ட் அள்ளுவதைப் பற்றி ஊர்ப்பெருமைக் கட்டுரையில் இடம் இல்லை. ஞாயிற்றுக்கிழமை கடைவீதியில் அவர்கள் செல்போனுக்குக் கண்ணாடி ஒட்டிக்கொள்ளவும், கடுகெண்ணெய் எங்கே கிடைக்கும் என்று விசாரிக்கவும் வருகிறார்கள். கடைக்காரர்கள் ஹிந்தியில் எண்ணக் கற்றுக்கொண்டுவிட்டார்கள். தெலுங்கும் தமிழும் கலந்த ஒரு கடைவீதியில் மூன்றாவதாக ஒரு மொழி வந்து உட்கார்கிறது. நாநூறு ஐநூறு வருஷத்துக்கு முன் தெலுங்கும் இப்படித்தான் வந்து உட்கார்ந்திருக்கும்.

இதெல்லாம் பத்திரிகைச் செய்தி, இதில் கவித்துவம் எங்கே என்று நம்மில் ஒரு கோஷ்டி கேட்கும். அவர்களுக்கு மரியாதைப்பட்ட பதிலாக எலியட்டைக் காட்டலாம். லண்டன் பாலத்தில் காலையில் வேலைக்குப் போகிற கூட்டத்தை நரகத்தின் கூட்டமாகக் கண்டவர், 1917 முதல் 1925 வரை லாயிட்ஸ் வங்கியில் உத்தியோகம் பார்த்தவர். அந்தக் கூட்டத்தோடு அதே நேரத்தில் அதே பாலத்தில் நடந்தவர். தாந்தே அவருக்குப் புஸ்தகத்தில் கிடைத்தார். மணி ஒன்பதடிப்பது புஸ்தகத்தில் கிடைக்கவில்லை. வங்கிக் கௌண்டருக்கு இப்பக்கம் உட்கார்ந்திருக்கிற எனக்கு இதில் கொஞ்சம் ஜாதிப் பாசம் இருக்கலாம். ஆனால் கௌண்டரில் உட்கார்ந்தால் ஊரின் பருவங்கள் வேறுமாதிரித் தெரியும் என்பது வாஸ்தவம். ஜூன் மாதம் பள்ளிக்கூடம் திறக்கும்போது நகைக் கடன் வரிசை நீளும். தராசில் விழுவது பெரும்பாலும் ஒரே கம்மல்தான், வருஷா வருஷம் அதே கம்மல். அதன் திருகு தேய்ந்திருப்பதைப் பார்த்துத் தெருவைச் சொல்லிவிடலாம்.

செய்தியில் எண்ணிக்கை இருக்கும். கவிதையில் அந்தக் கம்மல் இருக்க வேண்டும். பட்டியலாக அடுக்குவதை இப்போது நம்மவர்கள் விவரம் என்று நினைத்துக்கொள்கிறார்கள். கடைப் பெயர், பஸ் எண், சினிமாக் கொட்டகை என்று வரிசையாகப் போட்டு அதை யதார்த்தம் என்கிறார்கள். அது விலாசம். விலாசத்தை வைத்துக்கொண்டு வீட்டைக் கண்டுபிடிக்கலாம், உள்ளே யார் இருக்கிறார்கள் என்று சொல்ல முடியாது. வண்ணநிலவனின் 'ரெயினீஸ் ஐயர் தெரு'வில் வீடுகள் விரல்விட்டு எண்ணக்கூடியவைதான். ஆனால் ஒரு வீட்டு மழை அடுத்த வீட்டு மழையாக இல்லை. பட்டியல்காரர்களுக்கு இது பிடிபடாத விஷயம்.

ராஜபாளையத்துக்குப் பக்கத்தில் சத்திரப்பட்டி. ஆஸ்பத்திரிகளுக்குக் கட்டுப்போடும் துணி நெய்கிற ஊர். நாட்டின் எந்த மூலையில் காயம் பட்டாலும் சுற்றப்படுகிற துணி இங்கிருந்து போயிருக்க வாய்ப்பு உண்டு. வெளுத்த துணியை வெட்டவெளியில் உலரப்போட்டிருப்பதை ஓடுகிற பஸ்ஸிலிருந்து பார்த்தால் கண்மாயில் கொக்கு இறங்கியிருப்பதாக ஒரு கணம் மயக்கம் தட்டும். கொக்கு என்று எழுதி முடித்துவிடுகிற கவிதை எப்படியும் ஒன்று வரும், அதையும் படிப்போம். அந்தத் துணியை வெட்டி, மடித்து, சுருட்டிப் பொட்டலம் கட்டுகிறவர்கள் பெரும்பாலும் பெண்கள். வீட்டுத் தாழ்வாரத்தில் உட்கார்ந்து, உருப்படிக் கணக்கில். ஒரு சுருளுக்கு என்ன கூலி, ஒரு நாளில் எத்தனை சுருள், எந்த விரல் முதலில் மரத்துப்போகிறது என்று தெரிந்த ஒருவர் எழுதி அனுப்பினால், கொக்குக் கவிதைக்கு ஒதுக்கிய பக்கத்தை ஆசிரியர் அவருக்குக் கொடுக்கலாம்.